பழைய லினக்ஸ் கணினிக்கு எந்த மென்பொருள்? உலாவியிலிருந்து தொடங்குங்கள்

1 ஜிபி, 2 ஜிபி ராம் உள்ள பழைய கணினியில் லினக்ஸ் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த டெஸ்க்டாப் லேசானது?" என்பதைத்தான். எக்ஸ்எஃப்சிஇயா, எல்எக்ஸ்கியூடியா, ஐஸ்டபிள்யூஎம்மா என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். நியாயமான கேள்விதான், ஆனால் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. இந்த டெஸ்க்டாப்களுக்குள் இருக்கும் வித்தியாசம் மிஞ்சிப்போனால் சில நூறு எம்பி. இன்றைய உலாவியில் கனமான ஒரு இணையதளத்தைத் திறந்தால் அந்த ஒரே டேப் அவ்வளவையும் எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் அரும்பாடுபட்டு மிச்சம் பிடித்தது ஒரு சொடுக்கில் போய்விடும்.

அதனால் நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் செயலி என்ன வகை என்று பாருங்கள். அடுத்து உலாவியை முடிவு செய்யுங்கள். மற்ற மென்பொருள்களை அதற்கு ஒத்துப்போகிற மாதிரி தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் கடைசியில் தானாகவே முடிவாகிவிடும்.

32 பிட்டா, 64 பிட்டா?

பழைய கணினி என்றாலே 32 பிட் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 2006இல் வந்த கோர் 2 டியோவே 64 பிட் செயலிதான். விற்கும்போது அதில் 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஏதாவது ஒரு லினக்ஸை லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டும் முறை) ஏற்றி, டெர்மினலில் எல்எஸ்சிபியு (lscpu) என்ற கட்டளையைக் கொடுங்கள். செயலி இயங்கும் முறைகள் என்ற வரியில் 32, 64 இரண்டும் இருந்தால் அது 64 பிட் செயலி. சின்ன நெட்புக்குகளில் இருந்த ஆட்டம் என்270 போன்ற சில செயலிகள்தான் உண்மையிலேயே 32 பிட்டோடு நின்றுபோனவை.

இது ஏன் முக்கியம் என்றால், 32 பிட்டுக்கான கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. கூகுள் குரோம் 32 பிட் லினக்ஸை 2016இலேயே கைவிட்டது. உபுண்டு 2019இல் நிறுத்திக்கொண்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் பிசிக்கான நிறுவியும் இல்லை, இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் 144தான் 32 பிட் லினக்ஸுக்கு வந்த கடைசி வழக்கமான பதிப்பு. நீண்டகால ஆதரவுப் பதிப்பான 140க்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை திருத்தங்கள் வரும் என்று அறிவித்தார்கள். பாதுகாப்புத் திருத்தம் வராத உலாவியில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யக்கூடாது. ஆகவே 32 பிட்டோடு நின்றுபோன கணினியை வங்கி, மின்னஞ்சல் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளும் திட்டம் இருந்தால் அதை இப்போதே மறுபரிசீலனை செய்வது நல்லது. எழுதவும், படிக்கவும், பாட்டுக் கேட்கவும், படம் பார்க்கவும் அதே கணினி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே மென்பொருளின் 32 பிட் வடிவம் 64 பிட் வடிவத்தைவிடக் கொஞ்சம் குறைவான நினைவகமே எடுக்கும். ஒவ்வொரு நினைவக முகவரிக்கும் 8 பைட்டுக்குப் பதில் 4 பைட் போதும் என்பதுதான் காரணம். 1 ஜிபி கணினியில் அந்த மிச்சம் கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் செயலி 64 பிட் என்றால் 64 பிட் இயங்குதளத்தையே போடுங்கள். உலாவி தொடர்ந்து புதுப்பிக்கப்படுவது அந்தச் சேமிப்பைவிடப் பெரிய விஷயம்.

உலாவி: உண்மையான முடிவு இங்கேதான்

நான்கு வழிகள் இருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் போன்ற முழு உலாவிகள் ஒன்று. அவற்றின் எஞ்சினையே, அதாவது பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டும் உட்பகுதியையே எடுத்து, சின்னதாக ஒரு சட்டை போட்டுக்கொண்டு வரும் ஃபால்கன் போன்றவை இரண்டாவது. சொந்த எஞ்சினில் ஓடும் டில்லோ, நெட்சர்ஃப் மூன்றாவது. ஒரு வேலைக்கு உலாவியே வேண்டாம் என்று தனி மென்பொருளுக்குப் போவது நான்காவது.

இரண்டாவது வகையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஃபால்கனின் சாளரம் எளிமையாகத்தான் இருக்கிறது, திறப்பதும் வேகம்தான். ஆனால் உள்ளே ஓடுவது கியூட்டி வெப்எஞ்சின், அதாவது குரோமியத்தின் எஞ்சினேதான். பக்கத்தில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டையும் படங்களையும் விளம்பரங்களையும் அது அதே கனத்தோடுதான் சுமக்கும். நினைவகத்தைத் தின்பது மெனுவும் பொத்தான்களும் கிடையாது, பக்கம்தான். அதோடு, இந்த எஞ்சினின் பாதுகாப்புத் திருத்தங்கள் உங்களுக்கு வந்துசேர இடையில் இன்னும் ஒரு கை மாற வேண்டியிருக்கிறது.

முழு உலாவிகளில் நான் ஃபயர்ஃபாக்ஸ் பக்கம். காரணம் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி. விளம்பரத் தடுப்பை வெறும் எரிச்சல் குறைக்கும் வழியாகப் பார்க்கிறோம், பழைய கணினியில் அது நினைவகத்தையும் செயலியையும் காப்பாற்றுகிற முதல் மருந்து. தடுக்கப்பட்ட ஸ்கிரிப்ட் இறங்குவதில்லை, ஓடுவதில்லை, நினைவகத்தில் உட்காருவதும் இல்லை. குரோமும் குரோமியமும் பழைய நீட்சி முறையைக் கைவிட்ட பிறகு அங்கே இதன் குறைந்த திறனுள்ள லைட் வடிவம்தான் கிடைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் முழு வடிவமும் அப்படியே இருக்கிறது. செய்தித் தளங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட்டையே நிறுத்தி வைக்கும் வசதியும் இந்த நீட்சியிலேயே இருக்கிறது. கட்டுரை படிக்க மட்டும் போகிற தளங்களில் இதைச் செய்து பாருங்கள், பழைய செயலிக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். அப்புறம், முகவரிப் பட்டையில் அபௌட் புராசசஸ் (about:processes) என்ற பக்கத்தைத் திறந்தால் எந்த டேப் எவ்வளவு எடுக்கிறது என்று தெரியும். அபௌட் அன்லோட்ஸ் (about:unloads) பக்கத்தில் பார்க்காத டேப்களை மூடாமலே நினைவகத்திலிருந்து இறக்கி வைக்கலாம்.

மூன்றாவது வகையை ஒதுக்கிவிடாதீர்கள். 1999இல் தொடங்கிய டில்லோ பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, 2024இல் 3.1 பதிப்போடு திரும்ப வந்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் கிடையாது, அதனால்தான் சில பத்து எம்பியில் ஓடுகிறது. கையேடுகள், மென்பொருள் ஆவணங்கள், எளிய வலைப்பதிவுகள் படிக்க அருமையான கருவி. ஆனால் அது பயன்படுத்தும் எஃப்எல்டிகே 1.3 என்ற டூல்கிட்டுக்கு (சாளரத்தையும் எழுத்தையும் வரையும் நூலகம்) நம் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டத் தெரியாது. கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகத் தெரியும். தமிழ்ப் பக்கங்கள் படிக்க வேண்டுமென்றால் ஜிடிகே என்ற டூல்கிட்டில் ஓடும் நெட்சர்ஃப் வடிவம் மேல். அதற்கும் ஜாவாஸ்கிரிப்ட் அரைகுறையாகத்தான் வரும், ஆனால் பக்க அமைப்பை டில்லோவைவிட நன்றாகக் காட்டும்.

நான்காவது வழியைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. காணொளியை எடுத்துக்கொள்ளுங்கள். உலாவியில் யூடியூப் பார்க்கும்போது பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 என்ற கோடெக்கில்தான் (படத்தைச் சுருக்கும் முறை) படம் வருகிறது. பழைய கிராபிக்ஸ் சிப்புக்கு இவற்றை விரிக்கத் தெரியாது, மொத்தச் சுமையும் செயலியின் தலையில் விழும். ஃபேன் அலறும், படம் விட்டு விட்டு ஓடும். எம்பிவி என்ற பிளேயரையும், அதற்கு யூடியூப் காணொளியை எடுத்துத் தரும் ஒய்டி-டிஎல்பியையும் நிறுவி, எச்.264 கோடெக்கில் 480 வரித் தெளிவு போதும் என்று அமைத்துவிட்டால் அதே கணினியில் அதே காணொளி அலுங்காமல் ஓடும். எச்.264ஐ விரிக்கும் வசதி கோர் 2 காலத்துக்குப் பிந்தைய பல சிப்புகளில் வன்பொருளிலேயே இருக்கிறது. இல்லாவிட்டாலும் செயலியே சமாளித்துவிடும்.

மின்னஞ்சலும் இப்படித்தான். நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் மின்னஞ்சல் டேப்புக்குப் பதில் கிளாஸ் மெயில் என்ற தனி மின்னஞ்சல் மென்பொருளைப் போட்டால் அந்தச் சுமை ஏறக்குறைய இல்லாமலே போகும். அலங்காரமான எச்டிஎம்எல் கடிதங்களை அது வெறும் எழுத்தாகக் காட்டும். சிலருக்கு அது பிடிக்காது, எனக்கு அதுதான் பிடிக்கும். தண்டர்பேர்ட் வசதியானது. ஆனால் உள்ளே இருப்பது ஃபயர்ஃபாக்ஸின் எஞ்சின், ஆகவே இரண்டாவது உலாவி ஒன்றை ஓடவிட்ட கணக்குதான்.

ஒரே குடும்பத்து மென்பொருள்கள்

லினக்ஸில் சாளர மென்பொருள்கள் பெரும்பாலும் ஜிடிகே அல்லது கியூட்டி என்ற இரண்டு டூல்கிட்களில் ஒன்றின்மேல் எழுதப்படுகின்றன. ஒரே டூல்கிட்டில் நான்கு மென்பொருள்கள் ஓடினால் அந்த நூலகத்தின் நிரல்பகுதி நினைவகத்தில் ஒரு முறைதான் ஏறும், நான்கும் அதைப் பகிர்ந்துகொள்ளும். இரண்டையும் கலந்தால் இரண்டு நூலகங்களும் ஏறி உட்காரும். 8 ஜிபி கணினியில் இது பொருட்டே இல்லை, 1 ஜிபியில் சில பத்து எம்பியும் பெரிதுதான்.

ஃபயர்ஃபாக்ஸ் ஜிடிகே 3இன் மேல் நிற்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்த நூலகம் எப்படியும் நினைவகத்தில் இருக்கும். எனவே கோப்பு மேலாளராகத் துனார், எழுத மௌஸ்பேட், பிடிஎஃப் படிக்க அட்ரில் என்று ஜிடிகே 3 குடும்பத்திலேயே எடுப்பது கணக்குக்கு ஒத்துவரும். ஃபால்கன்தான் வேண்டும் என்பவருக்கு பிசிமேன்எஃப்எம்-கியூட்டி, ஃபெதர்பேட், கியூபிடிஎஃப்வியூ என்று கியூட்டி குடும்பம். உலாவியை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

ஜிடிகே 2 குறைவான நினைவகம் எடுக்கும் என்பதால் இன்னும் அதைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். லீஃப்பேட், எம்டிபெயிண்ட் எல்லாம் அந்தக் காலத்து நல்ல கருவிகள். ஆனால் 2020 டிசம்பரில் ஜிடிகே 4 வந்தபோதே ஜிடிகே 2 கைவிடப்பட்டுவிட்டது. டிஸ்ட்ரோக்களில், அதாவது லினக்ஸ் வெளியீடுகளில் இருக்கும்வரை பயன்படுத்துங்கள், அதன்மேல் மொத்தக் கணினியையும் கட்டிவிடாதீர்கள். இணையப் பக்கம் போலவே எழுதப்படும் எலக்ட்ரான் மென்பொருள்கள் இதற்கு நேர் எதிர் முனை. ஒவ்வொன்றும் ஒரு முழு குரோமியத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது, எதையும் யாரோடும் பகிர்ந்துகொள்வதில்லை. அந்த வகையைச் சேர்ந்த விஎஸ் கோடுக்குப் பதில் ஜியானி போடுங்கள். நிரல் எழுதத் தேவையான வண்ணம், சொல் நிரப்புதல், தொகுக்கும் வசதி எல்லாம் அதில் உண்டு.

அலுவலகத் தொகுப்பில்தான் முடிவெடுப்பது கஷ்டம். அபிவேர்ட், லிப்ரெஆஃபிஸ் ரைட்டரைவிட மிக வேகமாகத் திறக்கும். ஆனால் மற்றவர்கள் அனுப்பும் வேர்ட் கோப்பில் அட்டவணையும் படமும் இருந்தால் அதில் கலைந்துபோக வாய்ப்பு அதிகம். சொந்தமாக எழுதி, பிடிஎஃப் ஆக்கி அனுப்புபவருக்கு அபிவேர்ட் போதும். கோப்பு கைமாறிக் கைமாறி வருமென்றால் லிப்ரெஆஃபிஸ்தான், கனமாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதும்போது உலாவியை மூடி வையுங்கள், 2 ஜிபியில் நிம்மதியாக ஓடும். விரிதாளில் எனக்குத் தயக்கமே இல்லை, ஜிநியூமெரிக்தான். சின்னது, வேகமானது, கணக்கில் துல்லியத்துக்குப் பெயர் வாங்கியது.

பிடிஎஃப் படிக்க எம்யூபிடிஎஃப் மிக வேகம், ஆனால் மெனுவே இல்லை. ஸதுராவும் விசைப்பலகையை நம்பியதுதான். விசைகள் பழகியவருக்கு இவை, மற்றவர்களுக்கு அட்ரில். படம் பார்க்க வியூனியர் அல்லது ஃபே, பாட்டுக்கு ஆடேஷியஸ். இவற்றில் எதைப் போட்டாலும் கணினி திணறாது, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டெஸ்க்டாப்

ஐஸ்டபிள்யூஎம், ஜேடபிள்யூஎம், ஓபன்பாக்ஸ் எல்லாம் சாளர மேலாளர்கள். சாளரங்களை நகர்த்துவதும் மெனு காட்டுவதும்தான் அவற்றின் வேலை. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி என்பவை முழுச் சூழல்கள். ஓபன்பாக்ஸ் மட்டும் போட்டுவிட்டு நினைவகக் கணக்கைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சரி, வைஃபை எப்படி இணைப்பது? யுஎஸ்பி செருகினால் யார் திறப்பது? பேட்டரி தீரும்போது யார் சொல்வது? ஒலியைக் கூட்டக் குறைக்க எங்கே போவது? ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு நிரலைத் தேடிச் சேர்த்துக்கொண்டே போனால், எக்ஸ்எஃப்சிஇக்கும் இதற்கும் இருந்த இடைவெளி பாதியாவது குறைந்துவிடும். நேரம் போனதுதான் மிச்சம்.

அந்தத் தையல் வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் டிஸ்ட்ரோவை எடுப்பதே புத்திசாலித்தனம். ஆன்டிஎக்ஸ் இதில் முதல் இடம். டெபியனை அடிப்படையாகக் கொண்டு, ஐஸ்டபிள்யூஎம்மைச் சுற்றித் தேவையான எல்லாவற்றையும் கோத்துத் தருகிறார்கள். பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியும் இல்லை. பப்பி லினக்ஸ் தன்னை முழுவதுமாக ராமில் ஏற்றிக்கொண்டு ஓடக்கூடியது. ஹார்டுடிஸ்க் பழுதான கணினிக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அது வழக்கமாக எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவே இயங்குகிறது. பணப் பரிமாற்றம் செய்யும் கணினியில் அதை நிரந்தரமாக வைக்க நான் சொல்லமாட்டேன்.

லேசான உபுண்டு என்றால் லுபுண்டு என்று பழகிவிட்டோம். 2018இல் அது எல்எக்ஸ்டிஇ என்ற பழைய டெஸ்க்டாப்பை விட்டு எல்எக்ஸ்கியூடிக்கு மாறியது. பழைய வன்பொருள்தான் முதன்மை இலக்கு என்ற நிலையிலிருந்தும் அப்போதே அந்தக் குழு விலகிவிட்டது. நல்ல டிஸ்ட்ரோதான், 1 ஜிபி கணினிக்கு எழுதப்பட்ட பழைய பரிந்துரையை நம்பி அதைப் போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வேறொருவருக்காகக் கணினியைத் தயார் செய்கிறீர்களா? பெற்றோருக்கோ, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கோ என்றால் 2 ஜிபியிலும் எக்ஸ்எஃப்சிஇயையே போடுங்கள். அமைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், ஏதாவது கேட்டு ஃபோன் வந்தால் சொல்லித் தருவது சுலபம். நிழல், ஒளிபுகும் தன்மை போன்றவற்றைக் காட்டும் கம்போசிட்டரை மட்டும் அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். பழைய கிராபிக்ஸ் சிப்பில் அது தனியாகவே தெரியும். மிகப் பழைய சிப்புகளின் டிரைவர்களை, லினக்ஸின் கிராபிக்ஸ் டிரைவர்களை உருவாக்கும் மெசா திட்டம் 2022இல் ஆம்பர் என்ற தனிக் கிளைக்கு ஒதுக்கிவிட்டது. அப்படிப்பட்ட கணினியில் திரை வரைவது செயலியின் வேலையாகிவிடலாம் என்பதால் க்னோம் போன்ற கனமான டெஸ்க்டாப்களை முயற்சி செய்யவே வேண்டாம்.

அளவைப் பார்த்து ஒரு முடிவு

512 எம்பி என்றால் ஆன்டிஎக்ஸ், டில்லோ அல்லது நெட்சர்ஃப், எம்பிவி, அபிவேர்ட். இன்றைய இணையத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள். 1 ஜிபியில் ஐஸ்டபிள்யூஎம்மோடு ஃபயர்ஃபாக்ஸ் ஓடும், இரண்டு மூன்று டேப்புக்கு மேல் திறக்காமல் பார்த்துக்கொள்ளும் ஒழுக்கம் வேண்டும். மின்னஞ்சலையும் காணொளியையும் உலாவிக்கு வெளியே கொண்டுபோவது இங்கேதான் அதிகம் பலன் தரும். 2 ஜிபியில் எக்ஸ்எஃப்சிஇ, ஃபயர்ஃபாக்ஸ், தேவைக்கு லிப்ரெஆஃபிஸ். 4 ஜிபி இருந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள பெரும்பாலான கவலைகள் உங்களுக்கு இல்லை, பிடித்த டெஸ்க்டாப்பைப் போடுங்கள்.

எந்த அளவாக இருந்தாலும் ஸீராம் (zram) என்ற வசதியை இயக்குங்கள். இது 2014இலிருந்தே கெர்னலின் முழுமையான பகுதி. நினைவகம் நிறையும்போது பயன்படாத பகுதிகளை ஹார்டுடிஸ்க்குக்கு அனுப்பாமல், ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கிறது. சுருக்க விகிதம் பெரும்பாலும் இரண்டு மடங்குக்குக் குறையாது. செயலிக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் சுழலும் ஹார்டுடிஸ்க்கில் உள்ள ஸ்வாப் பகுதிக்கு நினைவகத் தரவு போய் வருவதற்குக் காத்திருப்பதைவிடப் பல மடங்கு வேகம். அதோடு இயர்லிஊம் என்ற சிறு சேவையையும் நிறுவினால், நினைவகம் முழுக்கத் தீர்ந்து கணினி உறைந்து நிற்பதற்கு முன்பே அதிகம் எடுக்கும் நிரலை அது நிறுத்திவிடும். பெரும்பாலும் அது ஒரு உலாவி டேப்பாகத்தான் இருக்கும். பணம் செலவழிக்க முடியுமென்றால் எந்த மென்பொருளையும் மாற்றுவதற்கு முன் எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது அளவீட்டில் ஏமாந்துவிட வேண்டாம். ஃப்ரீ (free) கட்டளையில் கிடைக்கக்கூடியது (available) என்று காட்டும் கடைசிப் பத்தியைத்தான் பார்க்க வேண்டும். கேஷ் என்று காட்டுவது தேவைப்பட்டால் உடனே விடுவிக்கப்படும் இடம், வீணாகப் போனது இல்லை. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் எச்டாப்பில் ஒவ்வொரு நிரலுக்கும் தெரியும் ஆர்இஎஸ் (RES) என்ற நினைவக அளவுகளைக் கூட்டிப் பார்ப்பதும் தப்பு. பகிர்ந்துகொள்ளும் நூலகம் ஒவ்வொரு நிரலின் கணக்கிலும் திரும்பத் திரும்ப வரும். எஸ்மெம் என்ற கருவி காட்டும் பிஎஸ்எஸ் என்ற அளவு, அந்தப் பங்கைப் பிரித்துக் கணக்கிடுகிறது.

இரண்டு மூன்று டிஸ்ட்ரோக்களை லைவ் யுஎஸ்பியில் ஓட்டி ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். லைவ் முறையில் புதிதாக எழுதப்படும் கோப்புகள் எல்லாம் ராமிலேயே தங்கும், நிறுவிய பிறகு இருப்பதைவிட இடம் குறைவாகத்தான் தெரியும். வெறும் டெஸ்க்டாப்பை மட்டும் அளக்காதீர்கள். தினமும் திறக்கும் தளங்களைத் திறந்து, ஒரு ஆவணத்தையும் திறந்து, பத்து நிமிடம் வேலை செய்துவிட்டு அந்தக் கடைசிப் பத்தியைப் பாருங்கள். ஒவ்வொரு டிஸ்ட்ரோவிலும் அதே தளங்கள், அதே ஆவணம், அதே பத்து நிமிடம்.